லேக் ஃபோர்க்கில் தூண்டில் போடுவது எப்படி: டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டாலஸ் பக்கம் குடிவந்து ஒரு வருடம் ஆனதும் நம்மவர்களில் சிலருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். ஊரில் கண்மாயிலும் வாய்க்காலிலும் மண்புழு குத்தித் தூண்டில் போட்ட கை அது. உடனே கடைக்குப் போய் பளபளவென்று கம்பும் ரீலும் வாங்கி, ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஏரிக்கரையில் போய் நிற்போம். நான்கு மணி நேரம் வெயிலில் காய்ந்து வெறுங்கையோடு திரும்புவோம். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கம்பில் குறை ஒன்றும் இல்லை. மீன் ஓரிடத்தில் இருந்தது, நான் இரை போட்டது வேறிடம்.

இங்கே மீன் வருடத்துக்கு நான்கு முறை வீடு மாற்றும். எந்த மாதம் எந்த ஆழத்தில் இருக்கும் என்று தெரிந்துகொண்டால் இருபது டாலர் கம்பிலேயே பிடிக்கலாம். அதைத்தான் இதில் சொல்லப் போகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு லேக் ஃபோர்க்கை வைத்துக்கொள்வோம். டாலஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரப் பயணம். ஏரி என்று சொன்னாலும் இது நீர்த்தேக்கம்தான். சபைன் ஆற்றில் கலக்கும் லேக் ஃபோர்க் ஓடையை மறித்து அணை கட்டி 1980இல் நீரைத் தேக்கினார்கள். பரப்பு 27,000 ஏக்கருக்கு மேல். உள்ளே நின்ற மரங்களில் பெரும்பகுதியை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டார்கள். இன்றும் மொட்டை மரங்கள் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கும். தலைநீட்டாமல் ஓரடி ஆழத்தில் நிற்பவையும் நிறைய, படகில் போகிறவர்கள் அவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். அந்த மரங்கள், மூழ்கிய பழைய சாலைகள், குளக்கரைகள் எல்லாம் இன்று மீனுக்கு வீடு.

முதலில் உரிமம்

17 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக்கூடாது. டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவர் உள்ளூர்க்காரர் கணக்கு, பச்சை அட்டை எல்லாம் வேண்டாம். நான் இதை எழுதும்போது உள்ளூர்க்காரருக்கு நன்னீர் உரிமம் 30 டாலர், ஒரு நாள் உரிமம் 11 டாலர். அந்த 30 டாலர் ஆண்டு உரிமம் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31ஆம் தேதி காலாவதியாகிவிடும். ஜூலையில் 30 டாலர் கொடுத்து வாங்கிவிட்டு அப்புறம் வருந்தாதீர்கள், ஒரு நாள் உரிமமே போதும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் அவர்கள் வெளியூர்க்காரர் கணக்கில் வருவார்கள். அவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து தூண்டில் போட யாருக்கும் உரிமம் தேவையில்லை. லேக் ஃபோர்க் போகும் வழிப்பக்கமே டவாக்கனி ஏரி மாநிலப் பூங்கா இருக்கிறது. நுழைவுக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். பல பூங்காக்களில் தூண்டில் கம்பை இரவலாகவே தருவார்கள். புதியவர்கள் முதல் இரண்டு மூன்று முறை இங்கே பழகிவிட்டு ஃபோர்க்குக்குப் போவதுதான் என் யோசனை. ஃபோர்க்கில் கரையோரம் பெரும்பாலும் தனியார் நிலம். படகுத்துறைகள், தனியார் மீன்பிடி மேடைகள், பாலத்தடி தவிர உட்கார இடம் குறைவு.

அளவு விதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஃபோர்க்கில் லார்ஜ்மவுத் பாஸ் என்ற பெருவாய் வேட்டைமீன் 16 அங்குலத்துக்கு மேல் 24 அங்குலத்துக்குள் இருந்தால் உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அதற்குச் சின்னதையும் பெரியதையும் சேர்த்து நாளுக்கு ஐந்து எடுக்கலாம், அதில் 24ஐத் தாண்டியது ஒன்றுதான். நடுத்தர மீன்தான் நாளைக்குப் பெரிய மீனாகும் என்பது கணக்கு. கிராப்பி என்ற தட்டை மீன் குறைந்தது 10 அங்குலம், நாளுக்கு 25 (குளிர்காலத்துக்கு வேறு விதி, பின்னால் சொல்கிறேன்). நீலக் கெளுத்தியும் சேனல் கெளுத்தியும் சேர்த்து 25, அதில் 20 அங்குலமோ அதற்கு மேலோ உள்ளவை பத்துக்கு மிகக்கூடாது. தட்டைத்தலைக் கெளுத்தி 18 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, நாளுக்கு ஐந்து. வாயை மூடி, வாலைக் குவித்துப் பிடித்து அளக்க வேண்டும். விதிகள் வருடத்துக்கு வருடம் மாறலாம், கிளம்பும் முன் டெக்சாஸ் பூங்கா வனவிலங்குத் துறையின் செயலியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, நம்மவர்களுக்காகவே சொல்கிறேன். வீச்சுவலை இங்கே கடையில் கிடைக்கும். ஆனால் அதில் பாஸ், கிராப்பி, கெளுத்தி எதையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. இரைக்கான பொடிமீன் பிடிக்க மட்டும்தான் வலை.

சாமான்

ஆறரை அல்லது ஏழடிக் கம்பு ஒன்று, திறந்த ஸ்பின்னிங் ரீல் ஒன்று, 10 பவுண்டு நரம்பு. முதல் வருடத்துக்கு இதுவே எல்லாவற்றுக்கும் போதும். தக்கை நாலைந்து, ஈயம் சில அளவுகளில், முள் மூன்று அளவுகளில், மூக்கு நீண்ட குறடு ஒன்று. கண்ணைப் பறிக்கும் ரப்பர் மீன்கள், உருட்டி உருட்டிக் கண் வரைந்த மரமீன்கள் எல்லாம் பெரும்பாலும் மனிதர்களைப் பிடிக்கத் தொங்கவிட்டவை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முடிச்சு மட்டும் வீட்டிலேயே பழகுங்கள். நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நுனியை நரம்பின் மேலேயே ஐந்து சுற்று சுற்றுங்கள். காதை ஒட்டி ஒரு சின்ன வளையம் தெரியும். நுனியை அதற்குள் விட்டு, வெளியே உருவாகும் பெரிய வளையத்துக்குள்ளும் நுழைத்து, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குங்கள். எச்சில் தொடாமல் இழுத்தால் உரசும் சூட்டில் நரம்பு பலம் இழக்கும். சினிமா பார்த்துக்கொண்டே இருபது தடவை போட்டுப் பழகினால் ஏரிக்கரையில் காற்றடிக்கும்போது கை தடுமாறாது.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று கூடுதலாக வாங்குவதானால், கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கும் வெப்பமானி வாங்குங்கள். இந்த ஏரியில் காலண்டரைவிட அது நம்பகமானது.

மார்ச், ஏப்ரல்: எல்லாரும் கரைக்கு வரும் காலம்

புதியவர் தொடங்க இதைவிட நல்ல காலம் இல்லை. தண்ணீர் 60 டிகிரி பாரன்ஹீட்டை நெருங்கும்போது கிராப்பியும் பாஸும் முட்டையிட ஆழத்திலிருந்து கரையோரம் ஏறும். டாக்வுட் மரம் வெள்ளையாகப் பூத்துவிட்டதா, கிராப்பி வந்துவிட்டது என்பார்கள் கிழக்கு டெக்சாஸ்காரர்கள். நான் வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். மரம் அநேகமாகப் பொய் சொல்வதில்லை.

கிராப்பி நம் ஊர் ஜிலேபியைவிடத் தட்டையான மீன். உள்ளங்கை அகலம் முதல் இரண்டு கை அகலம் வரை வரும். சதை வெள்ளை வெளேரென்று, முள் குறைவு. ருசியில் இந்த ஏரியில் இதற்கு இணை இல்லை என்பது என் கட்சி. இரண்டு முதல் ஆறடி ஆழத்தில், நாணலோ புதரோ மூழ்கிய கிளையோ உள்ள இடம் பாருங்கள். அதன் ஓரத்தில் தக்கைக்குக் கீழே இரண்டடியில் ஒரு மின்னோவைத் தொங்கவிடுங்கள். மின்னோ என்பது இரைக்கடையில் டஜன் கணக்கில் விற்கும் உயிருள்ள பொடிமீன். முதுகுத் துடுப்பை ஒட்டி மேலாகக் குத்தினால் நெடுநேரம் நீந்தும். மின்னோ வேண்டாம் என்றால் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு எடையுள்ள ஜிக் போதும். ஈயத்தலை வைத்த முள்ளில் பஞ்சோ ரப்பரோ கட்டியிருப்பார்களே, அதுதான்.

இரண்டு விஷயம் நினைவில் வையுங்கள். கிராப்பியின் கண் மேல்நோக்கி அமைந்தது. தனக்கு மேலே இருக்கும் இரையைப் பார்த்து ஏறி வரும், கீழே இருப்பதைத் தேடி இறங்காது. ஆகவே ஆழம் தெரியாவிட்டால் கொஞ்சம் மேலேயே விடுங்கள். இரண்டாவது, அதன் வாய் காகிதம் மாதிரி. வெடுக்கென்று இழுத்தால் உதடு கிழிந்து மீன் போய்விடும். தக்கை அமிழாமல் பக்கவாட்டில் நகரும், சில சமயம் மல்லாந்து படுத்துக்கொள்ளும். மீன் இரையை மேலே தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். மணிக்கட்டை மட்டும் உயர்த்தி நிதானமாகச் சுற்றுங்கள்.

இதே சமயம் பாஸும் கரையில்தான் இருக்கும். ஆண் பாஸ் தரையை வாலால் துடைத்து வட்டமாகக் குழி பறித்து, பெண் முட்டையிட்டுப் போன பிறகு காவல் காக்கும். குஞ்சுகள் கூட்டமாகக் கிளம்பும்போதும் கூடவே நிற்கும். ஊரில் விரால் தன் சிவப்புக் குஞ்சுகளைச் சுற்றிவருவதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ரப்பர் தவளை போட்டு விரால் பிடித்த அனுபவம் இருந்தால் பாஸ் பிடிப்பதில் பாதி வேலை உங்களுக்குத் தெரியும். அதே தவளைதான், அதே பாசி மேல் இழுப்புதான், தண்ணீர் வெடித்ததும் ஒரு நொடி பொறுத்து இழுக்கும் அதே பொறுமைதான். காவல் நிற்கும் மீனைத் தப்பித் தவறிப் பிடித்தால் உடனே அதே இடத்தில் விட்டுவிடுங்கள். சில நிமிடம் இல்லாவிட்டாலும் மற்ற பொடிமீன்கள் முட்டையைக் காலி செய்துவிடும்.

டெக்சாஸ் ரிக் என்ற கட்டு இந்த மாநிலத்தின் பேரிலேயே வழங்குகிறது. தோட்டா வடிவ ஈயத்தை முதலில் நரம்பில் கோத்து, வளைந்த கழுத்துள்ள முள்ளைக் கட்டுங்கள். ரப்பர் புழுவின் தலையில் முள்ளின் நுனியைக் கால் அங்குலம் குத்தி வெளியே எடுத்து, புழுவை முள்ளின் கழுத்துவரை ஏற்றித் திருப்பி, நுனியை மறுபடி புழுவின் உடம்பிலேயே புதைத்துவிடுங்கள். நுனி வெளியே தெரியாததால் மரக்கிளைக்குள் போட்டாலும் சிக்காது. புழு நேராகத் தொங்க வேண்டும். கோணலாகத் தொங்கினால் தண்ணீரில் பம்பரமாகச் சுற்றி நரம்பை முறுக்கிவிடும். எறிந்து, தரை தொடவிட்டு, கம்பை ஒரு சாண் தூக்கி, மறுபடி தாழ்த்துங்கள். முக்கால்வாசிக் கடி இரை கீழே இறங்கும்போதுதான் வரும். டப் என்று விரலில் ஒரு தட்டு, அவ்வளவுதான் தெரியும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை: கெளுத்தியின் காலம்

மே மாதக் கடைசியில் தண்ணீர் 70ஐத் தாண்டி 80 நோக்கி ஏறும்போது கெளுத்தி பாறை இடுக்குகளிலும் பொந்துகளிலும் முட்டையிடும். பாலத்தடி, கல் அடுக்கிய கரைகள் நல்ல இடம்.

அப்புறம் வரும் கொடுங்கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்துவிடும். மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்தது, இரண்டும் கலப்பதில்லை. அடியில் மக்கும் குப்பை அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். குளிர்ச்சியாக இருக்குமே என்று நாற்பது அடி ஆழத்தில் இரையைப் போட்டுக் காத்திருந்தால், மீனே இல்லாத அறையில் விருந்து பரிமாறிய கதைதான். நான் அந்த முதல் ஜூலையில் செய்தது இதைத்தான். கோடையில் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து அடிக்குக் கீழே இரை போக வேண்டாம். அதிகாலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் கெளுத்தி ஐந்தாறு அடிக்கே ஏறிவரும்.

இரைக்குக் கவலை இல்லை. கோழி ஈரல், மண்புழு, வெட்டிய மீன், கடையில் டப்பாவில் விற்கும் நாற்றப் பசை எல்லாம் சேனல் கெளுத்திக்குப் பிடிக்கும். நாற்றப் பசையைக் காரில் திறந்துவிடாதீர்கள், என் மனைவி அந்தக் காரில் ஒரு மாதம் ஏறவில்லை. ஒரே இடத்தில் மீனைக் கூட்ட இங்குள்ளவர்கள் மாட்டுத் தீவனக் கட்டியையோ, வாளியில் தண்ணீர் விட்டு நாலைந்து நாள் புளிக்கவைத்த சோளத்தையோ வீசுவார்கள். வீசி அரை மணி நேரம் பொறுத்தால் போதும். தட்டைத்தலைக் கெளுத்தி மட்டும் உயிருள்ள மீனைத்தான் விரும்பித் தின்னும், நாற்றத்துக்கு மசியாது.

வட்டமுள் போடுங்கள். மீன் கடித்ததும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கம்பு தானாக வளையும்வரை விட்டு, வளைந்ததும் சுற்றத் தொடங்கினால் முள் உதட்டோரத்தில் மாட்டும், தொண்டைக்குள் போகாது. கம்பைத் தரையில் ஊன்றிய தாங்கியில் வைத்து, ரீலின் பிடியைத் தளர்த்தி வையுங்கள். ஒருமுறை நான் கம்பை ஒரு கல்லின் மேல் சும்மா சாய்த்து வைத்துவிட்டுப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சர்ரென்று ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால் கம்பின் பிடி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது, அதுவும் படகு மாதிரி போய்க்கொண்டே இருக்கிறது. எழுந்து ஓடுவதற்குள் முழுதும் மூழ்கிவிட்டது. கையில் சோறு.

பிடித்த கெளுத்தியை எப்படிப் பிடிப்பது என்று நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பக்க முள் இரண்டு, முதுகு முள் ஒன்று. குத்திவிட்டால் பொறுக்கும் அளவு சூடான வெந்நீரில் காயத்தை அமிழ்த்தினால் கடுப்பு குறையும்.

பாஸ் கோடையில் விடியும் நேரத்தில் மட்டும் மேலே வேட்டையாடும். வெயில் ஏறியதும் தண்ணீருக்குள் நீளும் நில முனைகளுக்கும் மூழ்கிய சாலைகளுக்கும் இறங்கிவிடும். படகும் ஆழமானியும் இல்லாமல் அங்கே தேடுவது வீண். கிராப்பியும் பாலத் தூண்களின் நிழலுக்குப் போய்விடும். ஆகவே கோடையில் கெளுத்தியோடு நில்லுங்கள். புயல்மேகம் தெரிந்து இடி கேட்டால் கம்பைக் கீழே போட்டுவிட்டுக் காருக்கு நடங்கள், கிராஃபைட் கம்பு மின்னலுக்கு நல்ல கடத்தி. கரைப் புதரில் நெருப்பெறும்புப் புற்று, தண்ணீரோரம் காட்டன்மவுத் என்ற விஷப்பாம்பு. செருப்பில் போகாதீர்கள்.

அக்டோபர், நவம்பர்

இரவு குளிரத் தொடங்கியதும் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்கி ஏரி புரளும். சில நாள் தண்ணீர் கலங்கி வாடை வரும், மீன் கடிக்காது. அந்த வாரம் வீட்டில் இருங்கள். தெளிந்ததும் மத்திக்கு உறவான ஷாட் மீன்கள் கூட்டம் கூட்டமாக ஓடைமுகங்களுக்குள் போகும், பாஸ் அவற்றைத் துரத்திக்கொண்டு போகும். பறவைகள் ஓரிடத்தில் விழுந்து விழுந்து எழுந்தால் அங்கே வெள்ளிநிறத்தில் மின்னும் எதையாவது எறியுங்கள். வேறு நுட்பம் தேவையில்லை.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை

பெரும்பாலோர் தூண்டிலைக் கட்டிவைத்துவிடும் காலம். எனக்குப் பிடித்த காலமும் இதுதான், கொசு இல்லை, கூட்டம் இல்லை. ஆனால் படகு வேண்டும். இல்லாவிட்டால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு வழிகாட்டிப் படகுக்குப் பணம் பங்கிட்டுக்கொள்ளலாம். படகில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை சட்டப்படி கட்டாயம். பெரியவர்களும் போட்டுக்கொள்ளுங்கள், ஜனவரித் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவருக்கும் கைகால் விறைக்கும்.

இந்த மாதங்களில் நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் வந்து, மூழ்கிய மொட்டை மரங்களில் இரவு தங்கும். மரமெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருக்கும். அந்த எச்சத்தைத் தின்ன நீலக் கெளுத்தியும் சேனல் கெளுத்தியும் மரத்தடியில் கூடும். தொப்பி போட்டுக்கொண்டு, படகை மரத்தில் கட்டி, ஈயம் குறைவாக வைத்து இரையைத் தளர்வாக இறக்குங்கள். எச்சம் தண்ணீரில் விழும் சத்தத்துக்கே மீன் ஏறிவரும். கையால் தண்ணீரைத் தட்டி அதே சத்தத்தைப் போலி செய்கிறவர்களும் உண்டு. நான் முதலில் சிரித்தேன், அப்புறம் நானும் தட்டினேன்.

கிராப்பி இப்போது நாற்பது அடி ஆழத்தில் மரங்களை ஒட்டிக் குவிந்திருக்கும். இங்கேதான் ஒரு விசித்திர விதி. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ஃபோர்க்கில் கிராப்பிக்கு அளவு கிடையாது. பிடித்ததை எல்லாம், 25 சேரும்வரை, வைத்துக்கொண்டே ஆக வேண்டும். என் முதல் குளிர்காலத்தில் இது தெரியாமல் ஏழு அங்குல மீன் ஒன்றைப் பாவம் என்று விட்டுவிட்டேன். அது நீந்திப் போகவில்லை. வயிறு ஊதி, பக்கவாட்டில் சாய்ந்து, படகோரமே மிதந்தது. பக்கத்துப் படகுப் பெரியவர் அதைச் சுட்டிக்காட்டித் தலையாட்டினார். அவ்வளவு ஆழத்திலிருந்து தூக்கும்போது காற்றுப்பை விரிந்துவிடுகிறது, திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. 25 ஆனதும் தூண்டிலைச் சுருட்ட வேண்டியதுதான்.

கிராப்பிக்குப் போட்ட மின்னோவில் வேறு எதுவும் வரலாம். 1992 ஜனவரி 24 அன்று பேரி செயின்ட் கிளேர் என்பவர் இதே ஏரியில் கிராப்பி பிடித்துக்கொண்டிருந்தபோது அவர் மின்னோவை ஒரு பாஸ் கவ்வியது. எடை 18.18 பவுண்டு, எட்டுக் கிலோவுக்கு மேல். டெக்சாஸின் லார்ஜ்மவுத் பாஸ் சாதனை இன்றும் அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

கிளம்பும் முன் படகிலும் மீன் வாளியிலும் உள்ள ஏரித்தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், ஸீப்ரா மஸல் எனப்படும் வரிச்சிப்பிகள் ஓர் ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமலிருக்க மாநிலம் போட்ட சட்டம் இது. மீனை ஐஸில் புதைத்துக் கொண்டுவாருங்கள், தண்ணீரில் ஊறவிட்டால் சதை குழைந்துவிடும்.

கெளுத்தியின் தலையைச் சுற்றிக் கத்தியால் கீறி, தோலைக் குறடால் பிடித்து வால்பக்கம் உரியுங்கள். பெரிய நீலக் கெளுத்தியில் பக்கவாட்டில் ஓடும் சிவப்புச் சதையை அரிந்து எறிந்துவிட்டால் சேற்றுவாடை பெருமளவு போய்விடும். மிச்சத்தை மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசிக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். புளி கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும். கிராப்பியைக் குழம்பில் போடாதீர்கள், கரைந்துவிடும். மிளகாய்த்தூள், பூண்டு, எலுமிச்சை தடவிப் பத்து நிமிடம் வைத்து, அரிசிமாவில் புரட்டித் தோசைக்கல்லில் பொரித்தால் முதல் ஈடு மேசைக்கு வந்து சேராது, அடுப்படியிலேயே தீர்ந்துவிடும்.